முதல் பட்டா: டேனியல் ஃப்ரீமனும் ஆக்னஸும் வாழ்ந்த மண்ணில்

வியாழன், லெகிளேர், அயோவா

டேனியல் ஃப்ரீமனைப் பற்றி எழுதுகிறவர்கள் நெப்ராஸ்காவில் தொடங்குவது வழக்கம். நான் வேண்டுமென்றே அயோவாவில் தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் மனைவி ஆக்னஸ் சூட்டர் இந்த ஊர்ப் பெண்.

அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்ற நிலச் சட்டம், 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அரசின் கையிலிருந்த நிலத்தில் 160 ஏக்கரை எடுத்துக்கொண்டு, ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது பயிரிட்டவருக்கு அந்த நிலம் சொந்தம். கட்டணமெல்லாம் சேர்த்து 18 டாலர். அந்தச் சட்டத்தின் முதல் விண்ணப்பதாரர் என்று ஆவணங்களில் இடம்பிடித்தவர்தான் ஃப்ரீமன். ஒஹாயோவில் 1826-இல் பிறந்தவர், மருத்துவம் படித்தவர், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் பணியாற்றியவர்.

ஆக்னஸ் முதலில் நிச்சயிக்கப்பட்டது அவருக்கு அல்ல, அவருடைய சகோதரர் ஜேம்ஸுக்கு. ஜேம்ஸ் போரில் இறந்துபோனார். அதன் பிறகு டேனியல் அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். கடிதங்கள் தொடர்ந்தன, ஒரு கட்டத்தில் கடிதத்திலேயே மணம் செய்துகொள்ளச் சம்மதமா என்றும் கேட்டார். 1865 பிப்ரவரி 8 அன்று இந்த லெகிளேரில் திருமணம் நடந்தது. அவருக்கு 38 வயது. ஆக்னஸ் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்.

இந்தப் பயணத்தில் அம்மா என்னுடன் வந்திருக்கிறார். இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பெண் வீட்டில் சம்மதித்தார்களா?" என்று கேட்டார். "சம்மதித்திருப்பார்கள் அம்மா, திருமணம் இங்கேதானே நடந்தது" என்றேன். "சம்மதித்தது வேறு, மனம் ஒப்பியது வேறு" என்றார்.

லெகிளேர் ஆற்றோடு ஒட்டிப் பிறந்த ஊர். இங்கிருந்து கீழே ஏறத்தாழ 15 மைல் தூரத்துக்கு மிசிசிப்பியின் அடியில் பாறைகள் நிறைந்த நீர்விரைவுகள் இருந்தன. நீராவிப் படகுகளை அவற்றின் ஊடே பாதுகாப்பாக நடத்திச் செல்லத் தனி வழிகாட்டிகள் தேவைப்பட்டார்கள். அந்தத் தொழிலில் பேர்பெற்ற குடும்பங்கள் இவ்வூரில் வாழ்ந்தன. சூட்டர் என்பது அவற்றுள் ஒரு குடும்பப் பெயர். ஆற்றங்கரை அருங்காட்சியகத்தில் லோன் ஸ்டார் என்ற பழைய மரப்படகு முழுதாக நிற்கிறது. பஃபலோ பில் என்று உலகம் அறிந்த வில்லியம் கோடி 1846-இல் இவ்வூர் அருகே பிறந்ததால் அருங்காட்சியகத்துக்கு அவர் பெயர். ஊரில் பாதிப் பலகைகள் அவரைத்தான் பேசுகின்றன.

கரையில் நின்றால் மறுபக்கம் இல்லினாய் மாநிலம். படகுகளும் சந்தையும் அண்டை வீடுகளும் உள்ள இந்த நெரிசலான ஊரிலிருந்துதான் ஒரு பெண், மரமே அரிதான சமவெளிக்குப் புறப்பட்டுப் போனார்.

வெள்ளி, அயோவா நெடுஞ்சாலை

நாள் முழுதும் கார் ஓட்டம். கிழக்கு எல்லையிலிருந்து மேற்கு எல்லைவரை சுமார் 300 மைல். வழியெங்கும் சோளமும் சோயாவும். செப்டம்பர் இறுதி என்பதால் சோளத்தட்டை காய்ந்து நிற்கிறது, அறுவடை இயந்திரங்கள் புழுதி கிளப்பிக்கொண்டிருக்கின்றன. மேட்டுநிலங்களில் காற்றாலைகள்.

கார் ஜன்னல் வழியே பார்க்கும்போதே நிலம் சதுரம் சதுரமாக வெட்டப்பட்டிருப்பது புரிகிறது. அமெரிக்க அரசின் நில அளவைத் திட்டம் இது. ஆறு மைலுக்கு ஆறு மைல் கொண்ட ஒரு பெருங்கட்டம். அதற்குள் 36 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். அந்தக் கால் பங்குதான் ஒரு குடும்பத்துக்கு என்று சட்டம் வைத்த அளவு. ஆறு எங்கே வளைகிறது, மேடு எங்கே இருக்கிறது என்று எதையும் பாராமல் காகிதத்தில் கோடு போட்டுவிட்டார்கள். அந்தக் கோட்டின்மேல் இன்றைக்கும் சாலைகள் ஓடுகின்றன.

அந்த நிலத்தைக் கேட்க யாருக்கு உரிமை இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. 21 வயது நிறைந்தவர் அல்லது ஒரு குடும்பத்தின் தலைவர். குடிமகன், அல்லது குடிமகனாக விரும்புவதாக அறிவித்தவர். மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் தங்கள் பெயரிலேயே கேட்கலாம். கணவனோடு வாழும் பெண் பொதுவாகத் தன் பெயரில் கேட்க முடியாது. அமெரிக்க அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்தவர்களுக்குக் கிடையாது. போர் நடந்துகொண்டிருந்தபோது எழுதப்பட்ட சட்டம் அல்லவா, வெற்றி பெறப்போகும் தரப்புச் சிப்பாய்களுக்கு அது ஒரு வாக்குறுதியாகவும் இருந்தது. 1872-இல் வந்த இன்னொரு சட்டம், படையில் இருந்த காலத்தை அந்த ஐந்து ஆண்டுக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் இடம் கொடுத்தது.

இரவு மிசூரி ஆற்றுக்கு இப்பால் தங்கல்.

சனி, பிரவுன்வில், நெப்ராஸ்கா

ஆற்றுப் பாலம் தாண்டியதும் பிரவுன்வில். ஒரு காலத்தில் நீராவிப் படகுகள் வரிசையாக நின்ற துறை; இன்று இருநூறு பேர்கூட இல்லாத சிற்றூர். செங்கல் கட்டடங்கள் அழகாகப் பராமரிக்கப்பட்டிருக்கின்றன. பழைய புத்தகக் கடைகளும், ஓவியக்கூடமும், படகுத் தலைவர் ஒருவரின் பழைய வீடும் உண்டு.

இங்கேதான் அரசு நில அலுவலகம் இருந்தது. கதை பலரும் சொல்வதுதான். 1862 டிசம்பர் 31 இரவு. படைப்பணிக்குத் திரும்பியாக வேண்டிய ஃப்ரீமன் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் புத்தாண்டு, அலுவலகம் திறக்காது. ஊரில் புத்தாண்டுக் கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கே நில அலுவலகத்துக்காரர்களைச் சந்தித்து, விடிவதற்குள் நான் புறப்பட வேண்டும், எனக்காகச் சிறிது திறந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். நள்ளிரவு கடந்ததும் கதவு திறந்தது. விண்ணப்ப எண் 1 அவருடையது ஆயிற்று.

நள்ளிரவுக் கதையைச் சொன்னவர்களில் முதன்மையானவர் ஃப்ரீமன்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே நாளில் நாடு முழுதும் 418 பேர் விண்ணப்பம் கொடுத்தார்கள். டக்கோட்டா பிரதேசத்தின் வெர்மிலியனில் மேலன் கோர் என்பவரும் அதே நள்ளிரவைத் தாண்டியதும் பதிந்ததாக அந்தப் பக்கத்தார் சொல்வார்கள். இருந்தாலும் ஃப்ரீமனிடம் இருந்தது வெறும் கதை மட்டுமல்ல. விண்ணப்பம் எண் 1, இறுதிச் சான்று எண் 1, நில அலுவலகப் பதிவேட்டில் முதல் புத்தகம், முதல் பக்கம்: மூன்றும் அவர் பெயரில் இருக்கின்றன. அதை வைத்துத்தான் அரசே அவரை முதல்வராக ஏற்றது.

எனக்கு அந்த நள்ளிரவில் பெரிய ஈடுபாடு இல்லை. விண்ணப்பம் கொடுக்க ஓரிரவு போதும். பட்டா வாங்க ஐந்து ஆண்டுகள் ஆகும். விண்ணப்பம் கொடுத்தவர்கள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். கடைசியில் பட்டா பெற்றவை 16 லட்சம் நிலங்கள். அதாவது பாதிக்கு மேற்பட்டவர்கள் இடையிலேயே விட்டுப் போனார்கள். வறட்சி, வெட்டுக்கிளி, கடன், தனிமை, நோய். ஃப்ரீமன் குடும்பம் விட்டுப் போகவில்லை என்பதுதான் நான் பார்க்க வந்த செய்தி.

பிற்பகலில் மேற்கே பியாட்ரிஸ் நோக்கிப் புறப்பட்டோம். ஆற்றோரக் குன்றுகள் தாழ்ந்து தாழ்ந்து, வானம் அகலமாகிக்கொண்டே போயிற்று.

ஞாயிறு, பியாட்ரிஸ்

விடிந்ததும் போய்விட்டோம். ஊருக்கு மேற்கே நான்கு மைல். ஃப்ரீமனின் 160 ஏக்கர் இன்று ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா. 1936 மார்ச்சில் இதை நினைவிடமாக அறிவித்தார்கள். நெப்ராஸ்கா செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் அதற்காகப் பாடுபட்டார். நுழைவுக் கட்டணம் கிடையாது.

கார் நிறுத்துமிடமே சரியாக ஓர் ஏக்கர் அளவில் அமைக்கப்பட்டிருக்கிறது. ஓர் ஏக்கர் எவ்வளவு என்று தெரியாதவர்களும் இதைப் பார்த்து 160 மடங்கைக் கற்பனை செய்துகொள்ளலாம். பார்வையாளர் மையத்தின் கூரை கலப்பையின் கொழுவைப் போல மேல்நோக்கி உயர்கிறது. அதற்குப் போகும் நடைபாதையோரம் மாநிலங்களின் உருவம் வெட்டிய உலோகத் தகடுகள். ஒவ்வொரு மாநிலத்திலும் இந்தச் சட்டத்தின்கீழ் கொடுக்கப்பட்ட நிலம் எவ்வளவோ அந்த விகிதத்தில் ஒரு சதுரத் துளை. மொத்தம் 30 மாநிலங்கள், 27 கோடி ஏக்கர், நாட்டின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. நெப்ராஸ்காவின் தகட்டில்தான் துளை மிகப் பெரியது; மாநிலத்தின் ஏறத்தாழ 45 விழுக்காடு இப்படிக் கைமாறியது.

உள்ளே ஒரு பழைய அல்லிஸ்-சால்மர்ஸ் டிராக்டர் நிற்கிறது. இந்தச் சட்டத்தின்கீழ் கடைசியாகப் பட்டா பெற்றவருடையது அது. அலாஸ்காவின் ஸ்டோனி ஆற்றங்கரையில் 80 ஏக்கர். 1988-இல் பட்டா கைக்கு வந்தது. அவர் வியட்நாம் போரில் பணிபுரிந்தவர். முதல் பட்டாவும் சிப்பாய்க்கு, கடைசிப் பட்டாவும் சிப்பாய்க்கு. நடுவில் ஏறத்தாழ 120 ஆண்டுகள்.

ஃப்ரீமன் நிலத்தின் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தேன். 160 ஏக்கர் என்றால் ஒரே சதுரம் என்றுதான் நினைப்போம். இவர் எடுத்தது அப்படி அல்ல. நாற்பது ஏக்கர் கட்டங்கள் மூன்று கிழக்கு மேற்காக வரிசையாக, நடுக்கட்டத்தின் தலையில் வடக்கே இன்னொன்று. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் காரணம் விளங்கிவிடுகிறது. இந்த வடிவத்துக்குள்தான் கப் ஓடை வளைந்து வளைந்து ஓடுகிறது. ஓடையோடு மரங்கள்: ஓக், வால்நட், ஆஷ். சமவெளியில் விறகும் தண்ணீரும் கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, சட்டம் போட்ட கட்டங்களைத் தனக்கு ஏற்றபடி சேர்த்து வாங்கியிருக்கிறார். நள்ளிரவில் கதவைத் திறக்கச் சொன்னதைவிட இதுதான் அவருடைய உண்மையான சாமர்த்தியம்.

மேட்டில் ஏறினால் புல்வெளி. உழுது கெட்டுப்போன நிலத்தில் 1939 முதல் பழைய புற்களை மறுபடி விதைத்து, குறித்த காலத்தில் தீ வைத்துக் களை அழித்து, சுமார் நூறு ஏக்கரை மீட்டிருக்கிறார்கள். இந்தப் பருவத்தில் புளூஸ்டெம் புல் செம்மை ஏறி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. பாதையிலிருந்து இரண்டு அடி உள்ளே போனேன். அம்மா என்னைக் காணாமல் கூப்பிட்டார். அவ்வளவு உயரம். இந்தப் புல்லின் வேர் மண்ணுக்குள் பல அடி இறங்கிப் பின்னிக்கொண்டிருக்கும். அதை முதல்முறை உழுவது சாதாரண ஏரால் ஆகாது. எஃகுக் கொழு வேண்டும், பல இணை எருதுகள் வேண்டும், அப்படியும் ஒரு பருவத்தில் சில ஏக்கர்தான்.

இனி நான் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஐந்து ஆண்டு முடிந்ததும் ஃப்ரீமன் கொடுத்த சான்று ஆவணம். தேதி 1868 ஜனவரி 20. அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். கையெழுத்துப் படியின் நகல் இங்கே பார்க்கக் கிடைக்கிறது. வீடு பாதி மரத்துண்டாலும் பாதி பலகைச் சட்டத்தாலும் கட்டியது, நீளம் 20 அடி, அகலம் 14 அடி, ஒரே தளம், இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், மரச்சில்லுக் கூரை, பலகைத் தரை, குடியிருக்க வசதியான வீடு. உழுது வேலியிட்டுப் பயிரிட்டது ஏறத்தாழ 35 ஏக்கர். ஒரு தொழுவம், நூறு அடி நீள ஆட்டுக்கொட்டகை, சோளக் குதிர். நாற்பது ஆப்பிள் மரங்கள், சுமார் நானூறு பீச் மரங்கள். குடும்பம்: மனைவி, இரண்டு குழந்தைகள்.

நான் படித்துச் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். பீச் மரத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"நானூறு கன்றுக்கும் தண்ணீர் ஊற்றியது யார் என்று எழுதியிருக்கிறதா, பார்."

எழுதியிருக்கவில்லை. "வீட்டில் இரண்டு கைக்குழந்தை" என்றார். "ஓடை எவ்வளவு தூரம் என்று பார்த்தாயா?"

பார்த்தேன். மேட்டு நிலத்திலிருந்து ஓடைக்கு இறங்கி, நிரம்பிய வாளியோடு ஏறிவருவது எவ்வளவு வேலை என்று நடந்தாலே தெரிகிறது. ஆக்னஸ் இங்கே வந்தது 1865-இல்; ஆவணம் 1868-இல். போருக்குப் பிந்தைய அந்தக் குறுகிய காலத்தில்தான் இந்த வீட்டு வாழ்க்கை உருவாகியிருக்க வேண்டும். ஆவணத்தில் விண்ணப்பதாரரின் பெயர் ஒன்றுதான். மனைவி ஓர் எண்ணிக்கையாக வருகிறார், மரங்களைப் போலவே. ஆனால் குடும்பத் தலைவர் என்ற தகுதியே மனைவியும் மக்களும் இருப்பதால் கிடைப்பது. 14 அடிக்கு 20 அடி வீட்டைக் குடியிருக்க வசதியான வீடு என்று சாட்சிகள் சொல்ல முடிந்ததற்குப் பின்னால் யாருடைய உழைப்பு இருந்தது என்று யோசிக்காமல் இந்த ஆவணத்தைப் படிக்க முடியவில்லை.

1869 செப்டம்பர் 1 அன்று பட்டா வந்தது.

மையத்துக்கு அருகே பாமர்-எபார்ட் குடில் என்ற மரவீடு இருக்கிறது. இது ஃப்ரீமனுடையது அல்ல. இதே கேஜ் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) ஜார்ஜ் பாமர் என்பவர் 1867-இல் கட்டியது. பிறகு இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். 14 அடிக்கு 16 அடி. அதற்குள் பாமர் தம்பதியும் பத்துப் பிள்ளைகளும் வாழ்ந்தார்கள். உள்ளே அடுப்பு, கட்டில், ஒரு மேசை. வேறெதுவும் வைக்க இடமில்லை. ஃப்ரீமன் வீட்டின் அளவு எப்படி இருந்திருக்கும் என்பதை உணர இதைவிட நல்ல இடம் கிடையாது. ஃப்ரீமன் குடும்பம் கட்டிய வீடுகள் எதுவும் இன்று நிற்கவில்லை.

போரிலிருந்து வந்தவர் நிலத்தோடு நின்றுவிடவில்லை. நிலத்தின் அளவும் தொடர்ந்து கூடிக்கொண்டே போனது. கவுண்டியின் ஷெரிஃபாகவும் இருந்தார். செங்கல் சூளையும் வைத்து, சொந்தச் செங்கலால் பெரிய வீடு கட்டினார். குழந்தைகள் நிறையப் பிறந்தார்கள். 1908 டிசம்பர் 30 அன்று, எழுபது வயதைக் கடந்து பல ஆண்டுகள் வாழ்ந்தபின் இறந்தார். ஆக்னஸ் அவருக்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1931-இல் காலமானார். இருவர் கல்லறையும் இதே நிலத்தின் மேட்டில்தான். ஏழு ஆண்டுகள் கழித்து, 1938-இல், வாரிசுகளிடமிருந்து அரசு நிலத்தை வாங்கியது.

திங்கள், பள்ளியும் பார்ன்ஸ்டனும்

ஃப்ரீமன் பள்ளி பூங்காவுக்குச் சற்று மேற்கே இருக்கிறது. செங்கல் சுவரில் ஒரே அறை. 1872-இல் கட்டியது, 1967 வரை பாடம் நடந்தது. கரும்பலகை, இரும்பு அடுப்பு, மர மேசைகள் எல்லாம் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். வாக்குச்சாவடியாகவும் ஊர்க் கூட்ட இடமாகவும் இதே அறை பயன்பட்டது.

இந்தச் சிறிய அறையிலிருந்து ஒரு பெரிய வழக்கு கிளம்பியது. 1899-இல் இங்கே பாடம் நடத்திய ஆசிரியை வகுப்பில் பைபிள் வாசித்து, ஜெபம் செய்து, துதிப்பாடல்களும் பாடவைத்தார். ஃப்ரீமன் எதிர்த்தார். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் வழிபாடு கூடாது என்பது அவர் வாதம். பள்ளி வாரியம் ஆசிரியையின் பக்கம் நின்றது. ஃப்ரீமன் நீதிமன்றம் போனார், கீழ் நீதிமன்றத்தில் தோற்றார், விடவில்லை. 1902-இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மறு விசாரணைக்குப் பிறகு 1903-இல் நீதிமன்றம் இன்னும் தெளிவுபடுத்தியது: பைபிள் என்ற நூலுக்கே தடை என்று பொருளல்ல, ஒரு சமயப் பிரிவின் வழிபாடாக அதைப் பயன்படுத்துவதுதான் மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளி வழிபாட்டைத் தொட்டது 1960-களில். அதற்கு அறுபது ஆண்டுகள் முன்பே, எழுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி, தன்னோடு பழகியவர்களின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்டு இதைச் செய்தார். நள்ளிரவுக் கதை ஊருக்கெல்லாம் தெரியும். என் மதிப்பீட்டில் அவர் வாழ்வின் பெரிய செயல் இந்த வழக்குதான்.

மதியத்துக்கு மேல் தெற்கே பார்ன்ஸ்டன் போனோம். இதைப் பார்க்காமல் பியாட்ரிஸைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. பிக் புளூ ஆற்றுக் கரையில், பூர்வகுடிகளான ஓட்டோ-மிசூரியா மக்களின் கடைசி நெப்ராஸ்காக் கிராமம் இங்கே இருந்தது. 1854 ஒப்பந்தத்தில் அவர்கள் மிசூரி ஆற்றோர நிலத்தை விட்டுக்கொடுத்து, நெப்ராஸ்காவும் கன்சாஸும் சந்திக்கும் இந்தப் பகுதியில் ஒதுக்கப்பட்ட சிறு நிலத்துக்கு நகர்ந்தார்கள். அம்மக்கள் ஒப்பந்தங்களில் விட்டுக்கொடுத்த நிலத்தில்தான் ஃப்ரீமன் 1863-இல் பதிந்தார். அவர் பீச் கன்று நட்டபோது அம்மக்கள் இங்கே, அதே கவுண்டியில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். சுற்றிலும் குடியேறிகள் பெருகவே, ஒதுக்கிய நிலத்தையும் துண்டு துண்டாக விற்கச் செய்தார்கள். 1881-இல் மிச்சமிருந்தவர்கள் ஓக்லஹோமாவாக இன்று இருக்கும் பிரதேசத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய பழங்குடி அரசு இன்று ரெட் ராக் என்ற ஊரில் இயங்குகிறது. அரசு நிலம் என்று சட்டம் சொன்னது எப்படி அரசுடையது ஆயிற்று என்ற கேள்விக்கு இந்த ஆற்றங்கரைதான் விடை.

செவ்வாய், ஃபில்மோர் கவுண்டி

திரும்பும் வழியில் ஒரு நாளைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு மேற்கே வந்தோம், இன்னொரு சிப்பாய்க் குடும்பத்துக்காக.

யுரையா ஒப்லிங்கர் இந்தியானாவைச் சேர்ந்தவர். வடக்குப் படையில் போரிட்டவர். 1872 இலையுதிர் காலத்தில் மனைவி மேட்டியையும் கைக்குழந்தை எல்லாவையும் ஊரில் விட்டுவிட்டு, மைத்துனர்களோடு வண்டி கட்டிக்கொண்டு இங்கே வந்தார். அந்த மாதங்களில் கணவனும் மனைவியும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அப்படியே கிடைத்திருக்கின்றன. மண் எப்படி, விலை என்ன, எப்போது அழைத்துக்கொள்வேன், குழந்தை என்னை மறந்துவிடுமா என்றெல்லாம் எழுதுகிறார். 1873 ஏப்ரலில் ஈஸ்டர் நாளன்று தொடங்கிய பனிப்புயல் மூன்று நாள் வீசி, கால்நடைகளைக் கொன்று, பலர் உயிரையும் குடித்தது. அதையும் தாங்கினார். அடுத்த மாதம் மேட்டி குழந்தையோடு வந்து சேர்ந்தார்.

இங்கே ஓடையோரம் மரங்கள் அடர்ந்திருக்கவில்லை. வீடு கட்டப் புல்தரையைத்தான் வெட்டினார்கள். வேரோடு உழுது பெயர்த்த மண்பாளங்களைச் செங்கல்போல அடுக்கி, புல்பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, இரண்டு மூன்று அடி கனத்துக்குச் சுவர் எழுப்புவார்கள். கோடையில் குளிர்ச்சி, குளிரில் கதகதப்பு. ஆனால் மழை பெய்தால் கூரையிலிருந்து நாள்கணக்கில் சேறு சொட்டும், பாம்பும் எலியும் உள்ளே வரும். 1873 ஜூன் 16 அன்று மேட்டி தன் உறவினருக்கு எழுதிய கடிதத்தில், சொந்த வீட்டில் இருக்கிறோம், அதுவும் மண்கட்டி வீட்டில் என்று வியப்பும் மகிழ்ச்சியுமாகத் தொடங்குகிறார். வாடகை கொடுக்க வேண்டாம் என்ற நிம்மதி அந்த வரிகளில் தெரியும்.

மறு ஆண்டு, 1874 கோடையில், வெட்டுக்கிளி. ராக்கி மலைப் பக்கத்திலிருந்து வந்த கூட்டம் வானத்தை மறைத்து இறங்கியது. சோளத்தைத் தின்று, தோட்டத்தைத் தின்று, கருவிகளின் மரப்பிடியில் படிந்த வியர்வையின் உப்புக்காக அதையும் கடித்தது. அந்த இனம் முப்பது ஆண்டுகளுக்குள் அடியோடு அழிந்துபோயிற்று. குடியேறிகள் பட்ட பாடு மட்டும் கடிதங்களில் இருக்கிறது.

1880-இல் பிரசவத்தில் மேட்டி இறந்துபோனார். மூன்று சிறு பெண்களோடு யுரையா தனியானார். பிறகு மறுமணம் செய்துகொண்டார். ஆனால் ஓரிடத்தில் வேரூன்றவில்லை. இடம் மாறி மாறி உழைத்து 1901-இல் காலமானார். அவர் பெயரில் பூங்கா கிடையாது. ஃபில்மோர் கவுண்டியில் இன்று சுழலும் நீர்ப்பாசனக் குழாய்களும் சோளமும் மட்டும்தான்.

அம்மா காரைவிட்டு இறங்கி வயலோரம் சிறிது நடந்தார். திரும்பி வந்து, "அந்தப் பெண்ணின் கடிதங்களை நீ எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும்" என்றார். காட்டப்போகிறேன். ஒப்லிங்கர் குடும்பத்துக் கடிதங்கள் நெப்ராஸ்கா மாநில வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் கையெழுத்துப் படங்களோடு யாரும் படிக்கலாம். இந்தத் தொடரைப் படித்துவிட்டு பியாட்ரிஸ் போக நினைக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: முதலில் அந்தக் கடிதங்களைப் படியுங்கள், மேட்டியின் 1873 ஜூன் கடிதத்திலிருந்து தொடங்குங்கள். அதன் பிறகு ஃப்ரீமனின் சான்று ஆவணத்தின் முன் போய் நில்லுங்கள்.